ஆறு மாசத்துக்கு ஒரு கண்ணாடி மாத்துதீங்களா?

"சார், கடைக்காரன் ஏமாத்திட்டான். ரெண்டு வருசத்துல இது நாலாவது கண்ணாடி. எம் பிள்ளைக்கு இன்னும் போர்டு தெரியல."

ஆலங்குளம் பக்கமிருந்து வந்த அம்மா, பீடி சுற்றிய காசில் வாங்கிய நாலு கண்ணாடிகளையும் மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் குற்றமில்லை. அந்தந்த நாளின் பவருக்குச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். நான் பழைய சீட்டுகளைப் படித்து முடிப்பதற்குள் பையன் விரல் முட்டியால் இரண்டு முறை கண்ணைக் கசக்கிவிட்டான். சின்ன வயதிலிருந்தே அரிப்பு, வெயில் காலத்தில் கூடுதல் என்றார் அம்மா.

ரெட்டினோஸ்கோப் வெளிச்சத்தைக் கண்ணில் ஆட்டியபோது நிழல் கத்தரிக்கோல் போலப் பிரிந்து பிரிந்து சேர்ந்தது. அப்போதே பாதி தெரிந்துவிட்டது. கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிபோன்ற படலத்தின், வடிவத்தைப் படமெடுத்தோம். சாதாரணமாக 43, 44 டயாப்டர் இருக்கும் வளைவு, இடது கண்ணில் 54. 540 மைக்ரான் அளவில் இருக்கவேண்டிய தடிமன் 450தான். கெரட்டோகோனஸ். அந்தப் படலம் மெலிந்து, பழைய கால்பந்து ஓரிடத்தில் புடைப்பதுபோல், கூம்பாகத் தள்ளியிருக்கிறது. படத்தின் கீழ்ப்பாதி, வளைவு கூடிய இடம், ஒரே சிவப்பு. "வீடு பத்துன மாதிரில்லா இருக்கு" என்றார் அம்மா.

வடிவமே கோணலாகிவிட்ட கண்ணில் மூக்குக்கண்ணாடி பாதிதான் வேலை செய்யும். கடையில் கிடைக்கும் மெல்லிய சாஃப்ட் லென்ஸும் அந்தக் கோணலின் மேலேயே படிந்து அதே கோணலாகிவிடும். இதற்கென்று இருப்பவை கெட்டியான தனி லென்ஸ்கள். எப்படி வேலை செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் வயலைத்தான் காட்டுவேன். தொளி அடித்த வயலில் சேறு மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். தண்ணீர் கட்டிவிட்டால் அதே வயலில் பொதிகை மலை தெளிவாக விழும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே நிற்கும் நீர் அந்த வேலையைத்தான் செய்கிறது. கண்ணீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற கணக்கு, 1.336, கருவிழியுடையது 1.376. இரண்டும் நெருக்கம் என்பதால் மேடுபள்ளம் பெரும்பாலும் மறைந்துபோகும்.

கான்டாக்ட் லென்ஸ் என்றாலே அழகுக்குப் போடுவது என்று நினைக்கிறார்கள். 1888இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிக் இதைப் பற்றி எழுதியபோது அவர் மனதில் இருந்தவை இப்படிப்பட்ட கண்கள்தான். அவருடையது கண்ணாடியிலேயே செய்தது. சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இன்றைய பிளாஸ்டிக் ஆக்சிஜனை உள்ளே விடுகிறது.

கெட்டி லென்ஸில் சிறியது ஆர்ஜிபி லென்ஸ், 9, 10 மில்லிமீட்டர். கருவிழி மேலேயே உட்காரும். ஸ்கிளீரல் லென்ஸ் 15 முதல் 18 மில்லிமீட்டர் வரை. கருவிழியைத் தொடாமல் தாண்டி, வெள்ளைவிழி மேல் உட்காரும். எல்லோருக்கும் பெரியதையே எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செலவு அதிகம், ஆரம்பநிலைக் கூம்புக்குப் பல நேரம் சின்னதே போதும். ஆனால் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் பைக்கில் அலைகிறவர்களாக இருந்தால் பெரியதை யோசிப்பேன். ஆடிக் காற்றில் ஒரு தூசி சின்ன லென்ஸுக்கு அடியில் போனால் வண்டியை ஓரங்கட்டி அழவேண்டியதுதான். நெல் தெறித்தோ கதிர் குத்தியோ புண்ணாகி, ஆறியபின் தழும்பு நின்ற கண்ணுக்கும் இந்த லென்ஸ்கள் உதவலாம். தழும்பு எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது.

எந்த லென்ஸும் கூம்பு வளர்வதை நிறுத்தாது. நிறுத்துவதற்கு ரைபோஃபிளேவின் சொட்டுவிட்டுப் புற ஊதா ஒளி காட்டும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை இருக்கிறது. அதைச் செய்தபின் "கண்ணாடி போகலையே" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அது வேலிதான், பார்வைக்கு லென்ஸ் தனியாக வேண்டும். இந்தப் பையனுக்குக் கூம்பு வளர்ந்துகொண்டிருந்ததால் சிகிச்சை முதலில், சில மாதம் கழித்து லென்ஸ் என்று வைத்தோம். அரிப்புக்குச் சொட்டு மருந்து. கசக்கினால் கூம்பு கூடும் என்பதால் கசக்குவதற்குத் தடை. தடை போட்டது நான். காவல் காத்தது அவன் தங்கச்சி.

ஸ்கிளீரல் லென்ஸ் போடப் பழகுவது முதல் வாரம் பாடாய்ப் படுத்தும். லென்ஸில், கெடாமல் காக்கும் மருந்து (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காத சலைனைத் தளும்பத் தளும்ப ஊற்றி, முகத்தைத் தரையைப் பார்க்கக் குனிந்து மாட்டவேண்டும். காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் கழற்றி மறுபடி. எடுக்கும்போது சின்ன ரப்பர் உறிஞ்சியை நடுவில் வைத்து இழுக்கக்கூடாது, ஓரத்தில் வைத்து நெம்பவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கோபக்காரன். தாமிரவருணித் தண்ணியாச்சே என்று குழாயடியில் லென்ஸைக் கழுவிய ஒருவரிடம் குரலை உயர்த்தியிருக்கிறேன். குழாய், கிணறு, ஆறு, எதிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது கருவிழியைப் பிடித்தால் மாதக்கணக்கில் வைத்தியம். பார்வையே போகவும் கூடும். லென்ஸைக் கழுவுவதற்கென்று உள்ள கரைசலை மட்டும் பயன்படுத்துங்கள். கை ஈரமில்லாமல் துடைத்திருக்கவேண்டும். சீசனுக்குக் குற்றாலம் போனால், லென்ஸைக் கழற்றி டப்பியில் போட்டுவிட்டு அருவிக்குள் போங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால் லென்ஸை எடுத்துவிட்டு அன்றைக்கே வாருங்கள்.

லென்ஸ் வாங்க வந்த அன்றும் அந்த அம்மா மஞ்சப்பையோடுதான் வந்தார். "இந்த நாலையும் என்ன செய்ய சார்?"

"கடைசியா வாங்குனதை மட்டும் வச்சுக்கிடுங்கம்மா. ராத்திரி லென்ஸைக் கழத்தின பெறகு வீட்டுக்குள்ள நடமாட வேணும்லா."