லூருக்குச் செதில் வரைந்தாயிற்று. மீனின் வெள்ளி ஏன் வரவில்லை?

திருவொற்றியூர் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். பால்சா மரத்தைச் சீவி, மீனை ஏமாற்றி இழுக்கத் தூண்டிலில் கட்டும் போலி மீன்களான லூர்களை வீட்டிலேயே செய்பவர் அவர். உடலைச் சுற்றிக் கொசுவலைத் துண்டை இறுக்கிக் கட்டி, அதன் மேல் வண்ணத்தைத் தெளித்து, காய்ந்ததும் வலையை எடுத்தால் செதில்கள் வரிசை வரிசையாகப் பதிந்துவிடுகின்றன. ஆனாலும் மத்தியையோ மடவையையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தம்முடைய லூர் வெறும் பொம்மையாகவே தெரிகிறது என்கிறார். வெள்ளி நிற வண்ணம் பூசினால் சாம்பலாக மங்கிவிடுகிறது; மைக்கா முத்துப்பொடியைக் கலந்து அடித்தால் ஒரு லூர் மின்னுகிறது, இன்னொன்று மின்னுவதில்லை. மீனின் வெள்ளியை வண்ணத்தால் கொண்டுவர முடியுமா, முடியாதென்றால் ஏன் என்பது அவருடைய கேள்வி.

செதிலின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூரை ஓடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் செதில்கள் அறுகோண வலைப்பின்னலாகத் தெரிகின்றன. பாலியெஸ்டர் கொசுவலையின் கண்களும் ஏறக்குறைய அதே வடிவம்தான். கவனிக்க வேண்டியது அளவு. மீன் வளரும்போது செதில்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, ஒவ்வொரு செதிலும் பெரிதாகிறது. ஆகவே ஓர் இனத்து மீன் விரல் நீளத்தில் இருந்தாலும் முழ நீளத்தில் இருந்தாலும், செவுள் மூடியிலிருந்து வால் வரை உள்ள செதில்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறாது. மீன்களை வகைப்படுத்துவோர் அதை எண்ணியே இனம் காண்கிறார்கள். மடவைக்கு அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 40. தலையும் வாலும் போக 8 சென்டிமீட்டர் உடல் கொண்ட லூருக்கு, ஒரு செதில் 2 மில்லிமீட்டர் இருந்தால் சரியான விகிதம் அமைந்துவிடும். சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் கொண்ட வழக்கமான கொசுவலையில் ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு உள்ள தொலைவும் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர்தான். இதைவிடச் சிறிய லூருக்குப் பாரிமுனைத் துணிக்கடைகளில் கிடைக்கும் மெல்லிய நெட் துணி பொருந்தும். வால் பக்கம் வலையை நீளவாட்டில் இழுத்துப் பிடித்தால் கண்கள் ஒடுங்கும். மீனின் வாலடியிலும் செதில்கள் சிறுத்துத்தான் இருக்கின்றன. வலை உடலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தெளிப்பு நேர்செங்குத்தாக விழ வேண்டும், முகமூடி அணிந்திருக்க வேண்டும். செய்முறை இவ்வளவுதான்.

இனி வெள்ளிக்கு வருவோம். காசிமேட்டில் மீன் ஆய்பவர்களின் கத்தியில் ஒட்டியிருக்கும் செதிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அநேகமாக நிறமே இல்லாத, ஒளி ஊடுருவும் தகடுதான் அது. பளபளப்பின் பெரும்பகுதி தோலோடு மீனிலேயே நின்றுவிட்டது. அங்கே உள்ள சில செல்களுக்குள் குவானின் என்னும் பொருள் மெல்லிய படிகத் தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிப் பாடத்தில் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றாக நாம் படித்த அதே குவானின்தான். இந்தப் பொருளுக்கு நிறம் கிடையாது. செல்லுக்குள் இருக்கும் நீர்மத்துக்கும் நிறம் கிடையாது. நிறமற்ற இரண்டு பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கியதில் பிறந்ததே மீனின் வெள்ளி. இயற்கையில் இதைவிடச் சிக்கனமான கண்ணாடியை நான் அறிந்ததில்லை.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். குவானின் படிகத்துக்கு அது ஏறத்தாழ 1.83, செல் நீர்மத்தின் எண் 1.33. ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும் ஒவ்வோர் எல்லையிலும் சிறு பகுதி எதிரொளிக்கிறது. இந்த எண்களுக்கு அது வெறும் 2.5 சதவீதம். படிகத்தின் மேற்பரப்பில் எதிரொளித்த அலையும் அடிப்பரப்பில் எதிரொளித்த அலையும் திரும்பி வரும்போது மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்ந்தால் ஒன்றையொன்று வலுப்படுத்தும். அதற்குப் படிகத்தின் தடிமன், அதனுள் ஒளி கொள்ளும் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு அது 75 நானோமீட்டர். இடையிலுள்ள நீர்மத்துக்கு 103 நானோமீட்டர். இப்படி அமைந்த ஒரே ஒரு படிகம் அந்த ஒளியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எதிரொளிக்கிறது. ஐந்து படிகங்கள் அடுக்கப்பட்டால் 85 சதவீதம் திரும்புகிறது. பத்து இருந்தால் 99 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பத்துப் படிகங்களும் இடைவெளிகளும் சேர்ந்து 2 மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லை. தலைமுடியின் பருமனில் அது ஒரு சிறு பின்னம்தான். அவ்வளவு மெல்லிய அடுக்கு, அந்த ஒளிக்கு, வீட்டு நிலைக்கண்ணாடியைவிடச் சிறந்த கண்ணாடியாகிவிடுகிறது.

எல்லா இடைவெளிகளும் ஒரே அளவாக இருந்தால் ஒரே நிறம் மட்டும் திரும்பும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இருக்கும் நியான் டெட்ராவின் நீலப்பச்சைக் கோடு அப்படிப்பட்டது. இருட்டில் நெடுநேரம் இருந்த மீனின் மீது திடீரென விளக்கைப் போட்டுப் பார்த்தால், அந்தக் கோடு ஊதாவை நோக்கி நகர்ந்திருப்பது தெரியும். மீன் தன் தகடுகளின் இடைவெளியை மாற்றிக்கொண்டுவிட்டது. மத்தி போன்ற வெள்ளி மீன்களிலோ தகடுகளின் தடிமனும் இடைவெளியும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஒரு தொகுதி நீலத்தையும் இன்னொன்று பச்சையையும் மற்றொன்று சிவப்பையும் திருப்பி அனுப்ப, அவை கூடி வெள்ளியாகத் தெரிகின்றன. சிப்பி ஓட்டின் வானவில் நிறமும் இந்த வகையைச் சேர்ந்ததே. மெரினாவை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. இராமன் 1930களில் அதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

மீனுக்கு இந்தக் கண்ணாடி எதற்காக என்பதை இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக் கூடத்தில் பணியாற்றிய எரிக் டென்டனும், அவரோடு சேர்ந்து ஆராய்ந்த மைக்கேல் லாண்டும் 1960களிலும் 1970களிலும் விளக்கினார்கள். ஆழ்ந்த நீருக்குள் ஒளி மேலிருந்து வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கோணத்தில் பார்த்தால் ஏறத்தாழ ஒரே வெளிச்சம்தான் தெரியும். அங்கே செங்குத்தாக ஒரு கண்ணாடியை நிறுத்தினால், அது திருப்பி அனுப்பும் ஒளியும், அதற்குப் பின்னாலிருந்து வந்திருக்கக்கூடிய ஒளியும் ஒரே அளவாக இருக்கும். பார்ப்பவனுக்குக் கண்ணாடி இருப்பதே தெரியாது. மீனின் உடல் வளைந்திருந்தாலும், அதற்குள்ளிருக்கும் படிகத் தகடுகள் அந்த வளைவைப் பின்பற்றாமல் செங்குத்தாகவே நிற்கின்றன என்று டென்டன் கண்டார். மீன் தரித்திருக்கும் வெள்ளி, தன்னை மறைத்துக்கொள்வதற்கான உடை.

அப்படியானால் பளிச்சென்று மின்னுவது எப்போது? மீன் சாயும்போது. அடிபட்ட மீனோ, பதறித் திரும்பும் மீனோ சில பாகை சாய்ந்தாலும், செங்குத்தாக நின்ற கண்ணாடி மேலிருந்து வரும் வானத்து ஒளியைப் பக்கவாட்டில் வீசியடிக்கிறது. வேட்டையாடும் பாறை மீனும் வஞ்சிரமும் காண்பது அந்தத் தவறிய கணத்தை. லூரின் முகத்தில் பொருத்தும் சிறு தகடு அதை இருபக்கமும் ஆட வைப்பதும் இதற்காகத்தான். ஆகவே லூர் செய்பவர் தேட வேண்டியது எப்போதும் மின்னும் வெள்ளியை அல்ல. ஆடும்போது மின்னி, அடுத்த நொடி அணைந்துவிடும் வெள்ளியை.

சாதாரண வெள்ளி வண்ணம் சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் இப்போது புரியும். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் பல திசைகளில் கிடந்தால் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மங்கல்தான். முத்துப்பொடி வேறு இனம். மிக மெல்லிய மைக்கா இதழ்களின் மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடைப் பூசித் தயாரிப்பது அது. டைட்டானியம் டை ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.5, மைக்காவினுடையது 1.6, பூச்சின் தடிமன் 40 முதல் 60 நானோமீட்டர் வரை இருந்தால் வெள்ளி, இன்னும் கூடக்கூடப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறும். குவானின் தகடு செய்யும் அதே வேலையை இந்த இதழ் செய்கிறது. சென்னைச் சாலைகளில் ஓடும் முத்து நிறக் கார்களின் பூச்சிலும் இருப்பது இதுவே.

இந்த இதழ்கள் தம் வேலையைச் செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அவை மேற்பரப்புக்கு இணையாகப் படுக்க வேண்டும். மெல்லியதாகத் தெளித்த வண்ணம் உலர்ந்து சுருங்கும்போது இதழ்களை அழுத்திப் படுக்க வைக்கிறது. கெட்டியான எபாக்சிப் பிசினில் பொடியைக் கலந்து தடவினால் அது சுருங்காமலே இறுகுவதால், இதழ்கள் கலைந்தபடியே நின்றுபோகின்றன. மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது, அடியில் கறுப்பு இருக்க வேண்டும். இதழ்கள் விழும் ஒளி முழுவதையும் திருப்புவதில்லை. மிச்சம் ஊடுருவி அடியில் போகிறது. அடித்தளம் வெள்ளையாக இருந்தால் அந்த மிச்சமும் சிதறி மேலே வந்து கலந்து, மின்னலை வெளுக்கச் செய்துவிடும். கறுப்பாக இருந்தால் அது விழுங்கப்பட்டு, எதிரொளித்த ஒளி மட்டும் தெளிவாக மிஞ்சும். வாசகரின் ஒரு லூர் மின்னி இன்னொன்று மின்னாததற்கு அநேகமாக இந்த இரண்டில் ஒன்றே காரணமாக இருக்கும்.

இதை அறிந்தபின் கொசுவலை முறையும் வேறு பொலிவு பெறுகிறது. முதுகிலும் விலாவிலும் கறுப்பை அடித்து, காய்ந்தபின் வலையைக் கட்டி, அதன் வழியே வெள்ளி முத்து வண்ணத்தைத் தெளித்தால், வலைக்கண் இருந்த இடமெல்லாம் கறுப்பின் மேல் படிந்த வெள்ளியாகவும், நூல் மறைத்த இடம் கறுப்பு விளிம்பாகவும் நிற்கும். பல மீன்களில் செதிலின் ஓரத்தில்தான் கருநிறச் செல்கள் திரண்டிருக்கின்றன; விளிம்பின் கருமையும் வெள்ளியின் ஒளியும் ஒரே பூச்சில் சரியான இடத்தில் அமைந்துவிடுகின்றன. வெள்ளையின் மேல் கறுப்பைத் தெளிப்பவர்களுக்குச் செதில் இருட்டாகவும் விளிம்பு வெளிச்சமாகவும், மீனுக்கு நேர்மாறாக வந்துவிடும். வயிற்றுக்கு மட்டும் வெள்ளை அடித்தளம் போதும், அங்கே மீனே வெள்ளைதான். விலா தட்டையாக இருக்கும்படி மரத்தைச் சீவினால் இன்னும் நல்லது. மைக்கா இதழ்கள் படிகத் தகடுகளைப் போலச் செங்குத்தாக நிற்கத் தெரியாதவை. மேற்பரப்பு எப்படி வளைகிறதோ அப்படி வளைந்து படுப்பவை. உருண்டையான லூரில் ஏதோ ஓர் இடம் எப்போதும் மின்னிக்கொண்டேயிருக்கும். தட்டையான விலா ஒரேயடியாக மின்னி ஒரேயடியாக அணையும்.

மேலே பூசும் எபாக்சியின் வழவழப்பில் பலர் அக்கறை காட்டுகிறார்கள். காற்றில் அந்தப் பரப்பு 4 சதவீத ஒளியை எதிரொளிக்கும். நீருக்குள் போனால் எபாக்சிக்கும் நீருக்கும் ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு குறைவதால் அது 0.4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கையில் பிடித்து ரசிக்கும் பளபளப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீரில் இராது. எபாக்சிக்குள் பத்திரமாக இருக்கும் முத்து இதழ்களை நீர் தொடுவதில்லை. அவற்றின் மின்னல் அப்படியே இருக்கும். லூரை ஒரு வாளி நீரில் அமிழ்த்திப் பார்த்துவிட்டே அது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

நிறத்தில் ராசி பார்க்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு லூர் ராசியானது என்று நம்பி அதை மட்டுமே வீசுவோர் உண்டு. தூய நீரில்கூட 650 நானோமீட்டர் செவ்வொளி 5 மீட்டர் கடப்பதற்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதற்கும் கீழே சிவப்பு என்பது கறுப்புதான். அங்கே கிடைத்த மீன் கருநிழலைப் பார்த்து வந்தது. நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்வதைவிட, கறுப்பு லூரையும் சிவப்பு லூரையும் மாறி மாறி வீசிப் பார்ப்பதே அறிவுக்கு உகந்தது.

டென்டனின் ஆராய்ச்சி நடந்தபோது அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் மேலே சொன்னவற்றில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். சென்னையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாயைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது. வளர்ப்பதற்குக் கிடைக்கும் ஆதரவு, நம் கடலோர மீன்களின் கண் எதைப் பார்க்கிறது என்று ஆராய்வதற்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மீனின் பார்வையைக் கொண்டுதான் கடைசிக் கேள்விக்கும் விடை சொல்ல முடியும்: இவ்வளவு பாடுபட்டு வரையும் செதில் மீனுக்குத் தெரியுமா? 2 மில்லிமீட்டர் செதில்கள் ஒரு மீட்டர் தொலைவில் ஒரு பாகைக்குள் ஒன்பது அடங்கும். மனிதக் கண் நல்ல வெளிச்சத்தில் பாகைக்கு 50க்கும் மேற்பட்ட கோடுகளைப் பிரித்துக் காணும். பல மீன்களில் அந்த எண் 10ஐக்கூட எட்டுவதில்லை. ஒரு மீட்டருக்கு அப்பாலிருந்து அவற்றுக்குத் தெரிவது மின்னலும் நிழலுருவமும் மட்டுமே. நெருங்கி வந்தபின் செதிலின் விளிம்பு புலப்படத் தொடங்கும். தெளிந்த கடலில் தொலைவிலிருந்து பாய்ந்து வரும் பாறைக்கும் வஞ்சிரத்துக்கும் தட்டையான விலாவையும் கறுப்பின் மேல் படிந்த முத்து வண்ணத்தையும் கவனமாக அமைத்தால் போதும், செதில் சற்றுப் பிசகினாலும் பரவாயில்லை. முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் கலங்கிய நீரில் பதுங்கியிருந்து கைக்கெட்டும் தூரத்தில் கவ்வும் கொடுவாய்க்கு, மங்கலிலும் தெரியும்படி விளிம்பைத் தடிமனாக வரைய வேண்டும். அதற்குக் கொசுவலையைவிடத் தடித்த நூல் கொண்ட வெங்காயப் பை வலை ஏற்றது.