கேமரா சென்சாரில் தூசி: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பட்டறையில் வேலை கூடிவிடும். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால், வைகாசியிலும் ஆனியிலும் ஓய்வில்லாமல் ஓடிய கேமராக்களைக் கல்யாணப் புகைப்படக்காரர்கள் அப்போதுதான் சர்வீசுக்குக் கொண்டுவருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றே: வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்தால் படத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. அது சென்சாரின் மேல் படிந்த தூசி, சரிசெய்யக்கூடியது. ஆனால் எங்களிடம் வருவதற்கு முன்பே வீட்டில் எதையாவது முயன்று பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. தூசியாலேயே பழுதான சென்சார் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. தூசியைத் துடைக்கப் போய்ப் பழுதானவை ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. இதற்காக, வீட்டில் யாரும் சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எதுவரை நாமே செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒளியை வாங்கும் சிலிக்கான் பரப்பை நம்மால் தொடவே முடியாது. அதன்முன் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டியும், பல மாடல்களில், நெருக்கமான கோடுகள் பிசிறாக விழாமல் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரும் சேர்ந்த மெல்லிய கண்ணாடி அடுக்கு ஒன்று இருக்கிறது. தூசி படிவது அந்தக் கண்ணாடியின் வெளிப்புறத்தில்தான். அதற்கும் சென்சாருக்கும் நடுவே சிறிது இடைவெளி இருப்பதால், படத்தில் நாம் காண்பது தூசியின் நிழலையே. லென்சின் திறப்பான அப்பர்ச்சரைச் சிறிதாக்கி எஃப்/16, எஃப்/22 என்று வைக்கும்போது ஒளி குறுகிய கோணத்தில் வந்து விழுவதால் நிழல் அழுத்தமாகத் தெரிகிறது, எஃப்/2.8 போன்ற பெரிய திறப்பில் ஒளி பல கோணங்களிலிருந்து வருவதால் அதே தூசியின் நிழல் கரைந்து காணாமல் போகிறது. மண்டபத்துக்குள் அகன்ற அப்பர்ச்சரிலேயே எடுத்துப் பழகியவர், மாதக்கணக்கில் தூசியோடு வேலை செய்துவிட்டு, வெட்டவெளியில் ஒருநாள் நல்ல வெயிலில் எடுக்கும்போதுதான் அதைக் கண்டு பதறுகிறார். நேற்று வந்த தூசியாக அது இருக்க வேண்டியதில்லை.

புள்ளி தெரிந்தவுடன் சென்சாரைத் திறக்கப் போகாதீர்கள். அது வேறு எதுவாகவும் இருக்கலாம். டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் மட்டும் தெரிந்து, எடுத்த படத்தில் தெரியாத துகள், வியூஃபைண்டருக்கான உருவம் விழும் ஃபோகசிங் ஸ்கிரீனிலோ, லென்சுக்குப் பின்னால் சாய்ந்து நின்று ஒளியை மேலே திருப்பும் கண்ணாடியிலோ இருப்பது. அதனால் படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதைத் துணியால் துடைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனவருத்தமாக இருக்கும். ஏனென்றால் அந்தக் கண்ணாடி வீட்டுக் கண்ணாடியைப்போல் பின்புறத்தில் ரசம் பூசப்பட்டது அல்ல, முன்பரப்பிலேயே பூச்சு உள்ளது. ஃபோகசிங் ஸ்கிரீனோ பிளாஸ்டிக். இரண்டிலும் கீறல் எளிதாக விழும். லென்சின் முன்கண்ணாடியில் உள்ள தூசி கூர்மையான புள்ளியாகப் படத்தில் விழுவதில்லை. அதிக நேர எக்ஸ்போஷரில் சிவப்பாகவோ நீலமாகவோ மின்னும் நுண்புள்ளிகள் ஹாட் பிக்சல்கள், அதாவது சென்சாரின் சில பிக்சல்களில் உள்ள குறை. எவ்வளவு துடைத்தாலும் அவை போகமாட்டா.

சென்சார் தூசியை உறுதி செய்ய வழி இருக்கிறது. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/16 அல்லது எஃப்/22 என வைத்து, மேனுவல் ஃபோகசில் லென்சை வேண்டுமென்றே ஃபோகஸ் தப்பும்படி திருப்பிவிட்டு, வெள்ளைச் சுவரையோ கணினித் திரையில் திறந்த வெறும் வெள்ளைப் பக்கத்தையோ நெருங்கி நின்று எடுங்கள். ஷட்டர் வேகம் ஒரு நொடியை ஒட்டி இருக்கட்டும்; அந்த நேரத்தில் கேமராவை லேசாக அசையுங்கள். சுவரில் உள்ள கறையும் சொரசொரப்பும் கலங்கிப் போகும், தூசியின் நிழல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். படத்தைக் கணினியில் திறந்து கான்ட்ராஸ்டைக் கூட்டினால் எல்லாம் எழுந்து வந்துவிடும். உருண்டையாக மங்கிய புள்ளி சாதாரணத் தூசி. புழுபோல் வளைந்த கோடு துணி இழை அல்லது பஞ்சு. லென்சைக் கழற்றி, நிமிர்ந்த நிலையில் இருக்கும் கேமராவை முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேலும் கீழும் மட்டுமே மாறும்: படத்தில் இடது மேல்மூலையில் விழுந்த புள்ளி சென்சாரில் இடது கீழ்மூலையில் இருக்கும். இதை அறியாமல் தூசி இல்லாத மூலையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தவர்கள் இருக்கிறார்கள்.

தூசி என்று உறுதியானால், கேமராவுக்குள் இருக்கும் வசதியை முதலில் பயன்படுத்துங்கள். ஒலிம்பஸ் நிறுவனம் 2003-இல் இ-1 மாடலில், கண்ணாடி வடிகட்டியை மிக வேகமாக அதிரச் செய்து தூசியை உதிர்க்கும் முறையைக் கொண்டுவந்தது; 2006-இல் வந்த கேனான் 400டி-யிலிருந்து பிற நிறுவனங்களும் பரவலாக இதைச் சேர்க்கத் தொடங்கின. மெனுவில் சென்சார் கிளீனிங் என்று இருக்கும். கேமராவை மேசைமேல் அடிப்பாகம் கீழே இருக்குமாறு நிமிர்த்தி வைத்து இதை இயக்க வேண்டும். உதிரும் தூசி கீழ்நோக்கி விழ வேண்டும் அல்லவா? உலர்ந்து தளர்வாக இருக்கும் தூசிக்கு இது போதும். ஒட்டிக்கொண்டதற்குப் போதாது.

அடுத்தது கையால் அழுத்தும் ரப்பர் ஏர் புளோயர். வீட்டில் வைத்திருக்க வேண்டிய கருவி என்று நான் தயங்காமல் சொல்வது இது ஒன்றைத்தான். புதிதாக வாங்கியதென்றால் முதலில் வெளியே நாலைந்து முறை அழுத்தி, உள்ளிருக்கும் ரப்பர் துகள்களை வெளியேற்றிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். லென்சைக் கழற்றி, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, புளோயரின் மூக்கு உள்ளே எதையும் தொடாமல், லென்ஸ் மாட்டும் வளையத்துக்கு வெளியிலேயே வைத்து நன்றாக அழுத்தி ஊதுங்கள். பிறகு மறுபடியும் சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள். சர்வீசுக்கு வரும் கேமராக்களில் கணிசமானவற்றுக்கு இதற்குமேல் நான் ஒன்றும் செய்வதில்லை.

ஊதுவதற்கு முன் சென்சார் திறந்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அறியாமையால் பெரிய சேதம் நேர்கிறது. டிஎஸ்எல்ஆரில் மெனுவுக்குள் சென்று, கையால் சுத்தம் செய்வதற்கென்று உள்ள தேர்வின் மூலம் கண்ணாடியை உயர்த்தி நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக, பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் மோடில், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விரல் நழுவினால் கண்ணாடியும் ஷட்டர் திரையும் நீங்கள் உள்ளே விட்டிருக்கும் கருவியின் மேலேயே விழும். பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வதும் இதே காரணத்தால்தான். இந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் லென்சைக் கழற்றினாலே சென்சார் தெரியும். ஆனால் 2018-இல் வெளிவந்த கேனான் ஈஓஎஸ் ஆர் போன்ற மாடல்களில், ஆஃப் செய்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும். சென்சாரை மறைத்து நிற்கும் அந்தக் கருப்புத் தகடுகள் மிக மெல்லியவை. விரல் பட்டாலும் ஓங்கிய காற்று பட்டாலும் வளைந்துவிடும். அவை மூடியிருக்கும்போது ஒருபோதும் ஊதவோ தொடவோ கூடாது.

ரப்பர் புளோயர் இல்லையே என்று பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலோ, கணினிக்குத் தூசி தட்டும் மின்சாரப் புளோயரிலோ காற்று அடிக்காதீர்கள். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். டப்பாவில் அடைத்து விற்கும் காற்றில் உள்ள திரவம் சில்லென்று தெறித்துக் கண்ணாடியில் கறையாகப் படியும். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். அது காய்ந்தபின் எடுப்பது தூசியை எடுப்பதைவிடக் கடினம்.

பஞ்சு வைத்த பட்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கை சானிடைசரில் பட்ஸைத் தோய்த்துத் துடைத்த கேமரா ஒன்று பட்டறைக்கு வந்தது. லூப் எனும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். கண்ணாடியின் நடுவில் விசிறி மடிப்புகள்போல் வளைவு வளைவாக ஒரு மங்கிய படலம். சானிடைசரில் தோலுக்காகச் சேர்க்கப்படும் கிளிசரின் ஆவியாகாமல் தங்கிவிட்டது. நான்கு ஓரங்களிலும், கண்ணாடி சட்டத்தோடு சேரும் இடுக்குகளில் பஞ்சு இழைகள். இவை எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துவிட்டேன். எடுக்க முடியாமல் போனது, வலது ஓரத்தில் முடிபோல் மெல்லிதாக நீண்டிருந்த ஒரு கீறல். அங்கே இருந்தது ஒரு மணல் துகளாக இருந்திருக்க வேண்டும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது. அதை ஊதி அகற்றாமல் அழுத்தித் துடைத்ததால், தூசியாக இருந்தது நிரந்தரக் கோடாகிவிட்டது. பல மாடல்களுக்கு அந்தக் கண்ணாடி தனி உதிரிப்பாகமாகக் கிடைப்பதில்லை. சென்சாரோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. அவருடைய பிழைப்பே அந்தக் கேமராதான்.

புளோயருக்கும் அசையாத தூசிக்குத்தான் ஈரத் துடைப்பு. இதற்கெனத் தூசியற்ற அறையில் உறையிட்டு விற்கப்படும் ஸ்வாப் எனும் துடைப்புக் குச்சிகளை, உங்கள் சென்சாரின் அளவுக்குப் பொருத்தமாக வாங்க வேண்டும்: பெரிய அளவான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மில்லிமீட்டர், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுக்கு 16 மில்லிமீட்டர். சென்சாரின் உயரத்தை ஸ்வாப் ஒரே வீச்சில் முழுதாக அடைக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. கூடவே விற்கும் திரவத்தைத் தவிர மருந்துக்கடை ஸ்பிரிட், மூக்குக் கண்ணாடித் திரவம் எதுவும் வேண்டாம். ஸ்வாப்போடு விற்கும் திரவங்களிலும் சில மெத்தனால் கொண்டவை. நச்சும் தீப்பற்றும் தன்மையும் உள்ளவை என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல், அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி வைத்துப் பயன்படுத்துங்கள்.

துடைப்பதற்கு முன் மறுபடியும் ஊதுங்கள். மேலே சொன்ன கீறலை நினைவில் வையுங்கள். ஸ்வாப்பின் நுனியில் ஓரிரு துளி மட்டும் விட்டு, அது ஊறச் சில நொடிகள் பொறுத்திருங்கள். அதிகமாக விட்டால் ஓர இடுக்குக்குள் இறங்கிவிடும். சென்சாரின் ஓர் ஓரத்தில் நுனியை வைத்து, சற்றே சாய்த்து, ஒரே சீரான அழுத்தத்தில் மறு ஓரம்வரை நிறுத்தாமல் இழுங்கள். ஸ்வாப்பின் மறுபக்கத்தைத் திருப்பி எதிர்த்திசையில் ஒருமுறை. அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு வீச்சு. பிறகு அந்த ஸ்வாப் குப்பைக்குப் போய்விட வேண்டும். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அதையே மறுபடி தேய்த்தால், எடுத்த தூசியைக் கொண்டே கண்ணாடியைத் தேய்த்ததாகிவிடும். இரண்டு ஸ்வாப்களுக்குப் பிறகும் புள்ளி அப்படியே இருந்தால் நிறுத்திவிடுங்கள். சென்சார் அசைந்து நடுக்கத்தைச் சமன் செய்யும் ஐபிஐஎஸ் வசதி உள்ள கேமராக்களில், ஆஃப் செய்தபின் சென்சார் தளர்வாக ஆடக்கூடும். கை பழகாதவர்கள் அவற்றில் ஈரத் துடைப்பைத் தவிர்ப்பது நல்லது.

ஊதியும் துடைத்தும் போகாத புள்ளிகள் பெரும்பாலும் எண்ணெய்த் துளிகளாகவோ பூஞ்சையாகவோ இருக்கும். சுத்தம் செய்த சில நாட்களிலேயே அதே மூலையில் திரும்பத் தோன்றும் புள்ளிகளையும் கவனியுங்கள். நிக்கான் டி600 கேமராவில் இப்படிப் புள்ளிகள் சேர்ந்ததால், 2013 பிப்ரவரியில் அந்நிறுவனமே அறிவிப்பு வெளியிட்டது. 2014-இல் ஷட்டர் உள்ளிட்ட பாகங்களை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. அத்தகைய குறையை எத்தனை ஸ்வாப் வாங்கினாலும் வீட்டில் தீர்க்க முடியாது.

தூசி வரும் வழியை அடைத்தால் துடைக்கும் வேலையே குறைந்துவிடும். கல்யாண மேடையை எண்ணிப் பாருங்கள்: நெய் எரியும் ஓமப் புகை, கற்பூரக் கரி, மஞ்சள் தடவிய அட்சதை, போதாதற்கு இப்போது நலங்கு விழாக்களில் வாரி இறைக்கும் வண்ணப் பொடி, இவற்றையெல்லாம் சுழற்றியடிக்கும் பெடஸ்டல் ஃபேன். அந்த இடத்தில் நின்று லென்ஸ் மாற்றும் கேமராவுக்குள் எண்ணெய்ப் பசையுள்ள தூசி போகாமல் எப்படி இருக்கும்? இரண்டாவது கேமரா இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு லென்சை மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் மணமகள் அறை போன்ற ஒதுக்குப்புறத்தில், கேமராவை ஆஃப் செய்து, வாய் கீழே இருக்கும்படி பிடித்து மாற்றுங்கள். லென்சின் பின்மூடியையும் கேமராவின் பாடி மூடியையும் அவ்வப்போது கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்; உள்ளே போகும் தூசியில் ஒரு பங்கு அவற்றிலிருந்துதான் வருகிறது, ஆனால் அவற்றை யாரும் கவனிப்பதில்லை. ஏசி மண்டபத்திலிருந்து சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரப் புழுக்கத்துக்குள் வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியே வைத்து, வெளி வெப்பத்துக்குப் பழகியபின் திறங்கள். ஈரம் பூத்த கண்ணாடியில் விழும் தூசி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரம் போக்க அரிசிக்குள் புதைப்பவர்கள் அரிசி மாவைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம்வரை இருக்கும் உலர்பெட்டியில் வைப்பதே சரி.

எஃப்/22-இல் மட்டும் தெரியும் ஓரிரு புள்ளிகளை அப்படியே விட்டுவிடலாம். எடிட்டிங் மென்பொருளில் ஒரு சொடுக்கில் அவை போய்விடும். சர்வீசுக்குக் கொடுப்பதானால், நீங்கள் எடுத்த சோதனைப் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் ஏதாவது தடவியிருந்தால் அது என்ன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் லென்சையே மாட்டி, அதே எஃப்/16-இல் இன்னொரு படம் எடுத்து, கடையிலேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.