துணி விட்டுச்சென்ற கோடுகள்

"புரூஃப் நாணயத்தை மெத்தென்ற துணியால் ஒரே ஒரு முறைதான் துடைத்தேன். தரம் பார்ப்பவர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புரூஃப் என்பது கண்ணாடிபோல் மின்னும்படி தனிச் செய்முறையில் அச்சிடப்படும் நாணயம். அவருடைய வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியான 1,000 ரூபாய் நாணயம் என்னிடம் இருக்கிறது. 35 கிராம் எடை, அதில் 80 விழுக்காடு வெள்ளி. விரல் பட்ட தடத்தைப் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டுத்தான், நாணயங்களின் தரம் பார்த்து மதிப்பெண் போடும் நிறுவனத்துக்கு நானும் அதை அனுப்பினேன். பிளாஸ்டிக் பேழைக்குள் திரும்பி வந்தபோது மதிப்பெண் இல்லை. துடைக்கப்பட்ட நாணயம் என்ற குறிப்பு மட்டும் இருந்தது.

அந்த மதிப்பெண் 1 முதல் 70 வரை போகும். அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோல் அது. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் குறை தெரியாவிட்டால் 70. 'புரூஃப்' என்பது தரத்தின் பெயரன்று, செய்முறையின் பெயர். மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வெற்று உலோக வில்லை, அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பது. அதனால் நாணயத்தில் உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றுப் பரப்பு கண்ணாடிபோல் மின்னும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். மேடுபள்ளங்கள் அதைவிட மிகச் சிறியவையாக இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். கோபுர உருவத்தை மட்டும் வேண்டுமென்றே சொரசொரப்பாக விடுகிறார்கள். அங்கே ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால், கறுத்த குளத்தில் வெண்பனி படிந்ததுபோல் கோபுரம் தெரியும்.

இனி நான் சொல்வதைச் செய்து பாருங்கள். நாள்பட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, இருட்டு அறையில் ஒற்றை விளக்கின் கீழ்ப் பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாகத் தெரியும். தட்டைச் சாய்த்தால் வட்டங்களும் பிம்பத்தோடு கூடவே நகரும்! பல ஆண்டுகள் தேய்த்ததில் விழுந்த கீறல்களோ நாலா திசையிலும் ஓடுபவை. பிறகு வட்டம் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டி வாய்க்கால். அதன் சரிவுகளில் படும் ஒளி, வாய்க்காலுக்குக் குறுக்கே விசிறிபோல் விரிகிறது. வாய்க்காலின் நீளவாட்டில் விரிவதே இல்லை. அந்த விசிறிக்குள் நம் கண் அகப்பட்டால்தான் கீறல் ஒளிரும். பிம்பத்தை நோக்கி ஓடும் கீறல்கள் மறைந்துவிடுகின்றன, அதற்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் சுடர்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்கு அது வட்டம். பள்ளிக்கூடத்தில் எதிரொளிப்பை வெறும் கோட்டுப் படமாகவே நடத்தி முடிக்கிறோம். ஒரு தட்டையும் ஒரு விளக்கையும் மாணவர் கையில் கொடுத்தால் அந்தப் பாடம் வாழ்நாளுக்கும் மறக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

நாணயத்திலும் இதுவே நடக்கிறது. துணி மென்மையானதுதான். ஆனால் அதில் ஒட்டியிருக்கும் தூசியில் மணல் துகள் உண்டு. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் மணலின் குவார்ட்ஸ் 7, வெள்ளி 3க்கும் கீழே. ஒரே இழுப்பில் துடைத்தால் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் விழும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும்போது, ஏதோ ஒரு கோணத்தில் அத்தனை கோடுகளும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். தானாக உரசிய கீறல்கள் இப்படி அணிவகுப்பதில்லை. தரம் பார்ப்பவர் தேடுவது அந்த அணிவகுப்பைத்தான்.

வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குத்துவிளக்குக்கு அது அழகு. புரூஃப் நாணயத்திடம் தயவுசெய்து அதைக் கொண்டுபோகாதீர்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். தூசி இருந்தால் ரப்பர் குமிழால் காற்றை ஊதினால் போதும்.

என் நாணயம் இன்னும் அதே பேழையில்தான் இருக்கிறது. மாலையில் மேற்கு ஜன்னல் அருகே கொண்டுபோய்த் திருப்பினால், கோபுரத்தின் இடப்பக்கம் பதினொரு கோடுகள் பளிச்சென்று எழும். இன்னும் சற்றே திருப்பினால் பதினொன்றும் ஒருசேர மறைந்துவிடும்.