ஞாபக மறதிச் சோதனைக்கு மருமகளையும் கூட்டிட்டு வாங்க

கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் 65 வயது தாண்டிய 1,000 பேரிடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஓர் ஆய்வு நடத்தி 2007-இல் வெளியிட்டார்கள். '10/66' என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவின் வேலையில் அதுவும் ஒரு பகுதி. அந்தக் குழுவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 10 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடான டி.எஸ்.எம். அளவுகோலில் அதே ஆட்கள் 1 சதவீதம்கூடத் தேறவில்லை.

டி.எஸ்.எம். முறைப்படி, மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும். அதை வீட்டிலிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சொல்ல மாட்டார்கள். மறைக்க வேண்டும் என்றில்லை. சோறு தட்டில் போட்டு வருகிறது, மாத்திரையை மருமகள் எடுத்துக் கொடுக்கிறாள், ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான். எதுவும் கெட்ட மாதிரி யாருக்கும் படுவதில்லை. "வயசாயிடுச்சு சார், அதான்" என்று முடித்துவிடுவார்கள்.

நரம்பியல் மருத்துவர்கள் அனுப்பும் முதியவர்களுக்கு நினைவுத்திறன் சோதனை செய்வது என் வேலை. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். அதன் ஆரம்ப நிலையில் என்னையே ஏமாற்றிவிடக்கூடியது அவர்களுடைய உபசரிப்புதான். உள்ளே வந்ததும், "வாப்பா, சாப்டியா? எந்த ஊரு?" என்று அழகாக ஆரம்பிப்பார்கள். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்றால் சிரிப்பார்கள். "கிழமை பார்த்து நான் என்ன பண்ணப் போறேன்" என்பார்கள். அப்படியே தலை மட்டும் மெல்லத் திரும்பி மகளைப் பார்க்கும். பதில் எழுதும் தாளைவிட அந்தத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

மறதி வந்தும் உபசரிப்பு கெடாமல் இருப்பதற்கான காரணம் மூளையின் இணைப்புகளில் இருக்கிறது. மூளையில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இடம் உண்டு என்பது பாதி உண்மைதான். தூரத்தில் இருக்கும் பல இடங்கள் சேர்ந்து, ஒரே தாளத்தில் வேலை செய்யும் வலையமைப்புகள் இருக்கின்றன. நாம் சும்மா உட்கார்ந்து பழசை அசைபோடும்போது ஓடுவதை 'டிஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்கிறார்கள். இதன் முக்கியச் சந்திப்பு மூளையின் பின்நடுப் பகுதியில் இருக்கிறது. நம் காட்பாடி ஜங்ஷன் மாதிரி: அங்கே தண்டவாளம் பழுதானால் சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என எல்லாப் பக்கமும் வண்டி நிற்கும். அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதம் முதலில் படிய ஆரம்பிக்கும் இடங்களில் மூளையின் அந்தச் சந்திப்பும் ஒன்று. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே படிவு தொடங்கிவிடுகிறது.

டௌ என்ற இன்னொரு புரதம் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியில் முடிச்சு விழ ஆரம்பித்து, இணைப்புகளின் வழியே மற்ற இடங்களுக்கும் பரவுகிறது. புது விஷயம் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். அதனால்தான் காலையில் வந்துபோன சம்பந்தியை மறந்தவர், 40 வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். எதிரில் இருப்பவரின் முகத்தையும் மனநிலையையும் கவனிக்கிற 'சேலியன்ஸ்' வலையமைப்பு அல்சைமரில் வெகுநாள் தாக்குப்பிடிக்கிறது. உபசரிப்பு கெடாததற்கு அதுதான் காரணம். மூளையின் முன்பகுதியிலும் பக்கவாட்டிலும் தொடங்கும் ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியாவில் நேர்மாறு: நடத்தை முதலில் மாறும், ஞாபகம் ஓரளவு நிற்கும்.

பரிசோதனையில் எனக்குள்ள பெரிய சிக்கல் படிப்பு. காட்பாடி, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிப் பிழைத்த அம்மாக்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். கடிகாரம் வரையச் சொல்வதும், 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதும் அவர்களிடம் படிப்பைச் சோதிப்பதே தவிர மூளையை அல்ல. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். 200 ரூபாய் கொடுத்து 65 ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி எவ்வளவு என்பேன். தேதிக்குப் பதிலாக, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்று கேட்பேன். வைகாசி முதல் தேதி நடக்கும் திருவிழா அது, குடியாத்தத்துக்காரர் யாரும் தவறவிட மாட்டார்கள்.

சில சொற்களைச் சொல்லி, பேச்சை மாற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பதுதான் எனக்கு அதிகம் உதவும் சோதனை. "அதுல ஒண்ணு பழம்மா" என்று துப்புக் கொடுத்ததும் "ஆமா, கொய்யா" என்று வந்துவிட்டால் சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் தடுமாற்றம். மனச்சோர்வில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். துப்புக் கொடுத்தும் வராமல், "நீ எங்கப்பா சொன்னே?" என்றால் அல்சைமர் சந்தேகம் வலுக்கும்.

பிறகு ரத்தம்: பி12, தைராய்டு, சோடியம். எம்.ஆர்.ஐ. ஹிப்போகாம்பஸ் சுருக்கத்தைக் காட்டும். முன்பு விழுந்ததில் தலைக்குள் கசிந்த ரத்தம், சத்தமில்லாமல் வந்துபோன பக்கவாதம் போன்றவற்றையும் காட்டும். தூக்க மாத்திரையும் காது மந்தமும்கூட மறதி வேஷம் போடும். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை என்பதால்தான், மறதி என்றதும் அல்சைமர் என்று எழுதிவிட மாட்டோம். தேவைப்பட்டால் பெட் ஸ்கேன், தண்டுவட நீரில் அமிலாய்டு, டௌ அளவுகள். அமெரிக்காவில் 2025 மே மாதம், அறிகுறி உள்ளவர்களுக்கென அல்சைமரைக் கண்டறிய உதவும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. வலையமைப்புகளைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. மட்டும் இன்னும் ஆய்வுக்கூட விஷயம்தான். அதை எடுக்கச் சொல்லி யாராவது சீட்டு எழுதினால் எதற்கு என்று கேளுங்கள்.

வெளியூரில் இருக்கும் மகன் லீவு போட்டுவிட்டு அம்மாவை அழைத்து வருவது நல்லதுதான். ஆனால் ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கேட்கிறார், சமைத்ததை மறந்து மறுபடி உலை வைக்கிறாரா, சொந்தத் தெருவிலேயே திகைத்து நின்றாரா என்பதெல்லாம் கூடவே இருக்கும் மருமகளுக்குத்தான் தெரியும். அவரோடு தனியாகப் பத்து நிமிடம் பேச விடுங்கள், மாமியார் எதிரில் வாய் திறக்க மாட்டார். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கண்ணாடி, காது மிஷின் மறக்க வேண்டாம். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தது என்றால் எங்கள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அது தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ இருக்கலாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.