ரப்பர் வைத்திருக்கிறோமே சார்!

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு பட்டறை. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை அங்கே ஒரு ப்ளோயரின் (காற்றை இழுத்துத் தள்ளும் இயந்திரம்) அடித்தள போல்ட் அறுந்தது. சட்டம் ஒரு பக்கமாகச் சாய, பெல்ட்டை மூடியிருந்த தகரக் காப்பு பிய்த்துக்கொண்டு பறந்து, அருகில் நின்ற இளைஞனின் முழங்கைக்குக் கீழே அடித்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. தருமபுரிப் பக்கத்துப் பையன். வேலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

நான் போய்ச் சேர்ந்ததும் உரிமையாளர் சொன்ன முதல் வார்த்தை: "ரப்பர் வைத்திருக்கிறோமே சார், பிறகு எப்படி?"

இயந்திர அதிர்வை அளப்பதும் அடக்குவதும் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தொழில். இந்த ஆண்டில் மட்டும் இந்தக் கேள்வியை நான்காவது முறையாகக் கேட்கிறேன். முன்பு மூன்று முறையும் இரும்புதான் உடைந்தது. இந்த முறை ஒரு பையனின் கை. பெங்களூரில் பட்டறை நடத்தும் தமிழர்களும், பட்டறையில் நிற்கும் தமிழர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

நடந்தது இதுதான். பாலிஷ் போடும் இடத்துத் தூசை இழுக்கும் ப்ளோயர் அது. தரை லேசாக அதிர்ந்தது. மாடியில் இருக்கும் அலுவலகத்தில் மேசை ஆடியது. யாரோ பழைய கன்வேயர் பெல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி நான்கு கால்களுக்கும் அடியில் செருகினார்கள். காரணம் என்னவென்று ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆட்டம் கூடியது. "புது ரப்பர், பழகட்டும்" என்று விட்டுவிட்டார்கள். பதினோராம் நாள் போல்ட் அறுந்தது.

ரப்பர் அதிர்வைக் குடித்துவிடும் என்பதுதான் இங்கே எல்லோருடைய நம்பிக்கையும். குடிக்காது. ரப்பர் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல் ஒரு பாரத்தை வைத்தால் அந்த இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஒரு ஆட்ட வேகத்தைப் பெற்றுவிடும். அதை இயல்பு அதிர்வெண் என்கிறோம். இயந்திரம் சுழலும் வேகம் அதற்குப் பக்கத்தில் வந்தால் ஆட்டம் பெருகும். இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. பழைய பஸ் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடிகள் கடகடவென்று அடித்துக்கொள்வதையும், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அவை அடங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

இயந்திர வேகம் இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கவே தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் ரப்பர் வைப்பது வைக்காமல் இருப்பதைவிடக் கெடுதல். உருப்படியான பலன் வேண்டுமென்றால் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

கணக்கு கடினமானதும் இல்லை. பாரம் ஏறியதும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் இயல்பு அதிர்வெண் நொடிக்குச் சுமார் 16 ஆட்டம். நான்கு மில்லிமீட்டர் என்றால் 8. ஒன்பது என்றால் 5 சொச்சம். அந்தப் பட்டறையில் ரப்பர் ஒன்றரை மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. அதற்குக் கணக்கு 13 என்று சொல்லும். ஆனால் ரப்பர் அதிரும்போது நின்ற நிலையில் இருப்பதைவிட விறைக்கும், அதனால் எண் இன்னும் மேலே ஏறும். போல்ட்டை மாற்றி, அதே ரப்பரின் மேல் நிறுத்தி, ஓடாத இயந்திரத்தை மரச்சுத்தியால் தட்டி அளந்தேன். 16 வந்தது. ப்ளோயரின் வேகம் நிமிடத்துக்கு 960 சுற்று. 960ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள்.

தேடிப் பிடித்து ஒத்ததிர்வில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"அப்படியானால் இன்னும் பெரிய ரப்பராக விரித்துவிடலாமே" என்றார் மேஸ்திரி. ரப்பரின் கன அளவு அழுத்தத்தில் சுருங்குவதில்லை. பக்கவாட்டில் பிதுங்க இடம் இருந்தால்தான் அது அமுங்கும். அகலமாக விரித்தால் பிதுங்க இடமில்லாமல் கல் போல நிற்கும். காலுக்கு அடியில் ரப்பரை வைத்துவிட்டு அதைத் துளைத்துப் போல்ட்டைக் கான்கிரீட்டில் இறுக்குகிறீர்களே, அதிர்வு ரப்பரைத் தொடாமல் போல்ட் வழியாகவே இறங்கிவிடும். நாளடைவில் ரப்பர் தளர்ந்து நட் லூசானதும் சட்டம் போல்ட்டை அடிக்கத் தொடங்கும். எட்டு மணி நேர ஷிப்டில் நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட அடி. பதினோரு நாளில் ஐம்பது லட்சம்.

அறுந்த போல்ட்டை வாங்கிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழவழப்பாக, அலை வடிந்த மணலில் இருக்கும் வரிகளைப் போலக் கோடு கோடாக இருந்தது. மீதிதான் சொரசொரப்பு. உலோகம் களைத்து உடைந்ததற்கு இதுவே சாட்சி. விரிசல் பல நாட்களாக ஊர்ந்திருக்கிறது. "திடீரென்று உடைந்தது" என்று விபத்து அறிக்கையில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்து உரிமையாளர் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். காந்தப் புலம் பட்டதும் கெட்டியாகும் திரவம், அதை அடைத்த டேம்பர், அதாவது ஆட்டத்தைத் தணிக்கும் கருவி. "ஸ்மார்ட் மெட்டீரியல் சார், இதைப் போட்டுவிடலாமா?" அருமையான கண்டுபிடிப்புதான். 1940களில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ தொடங்கி வைத்த வேலை. 2002இல் காடிலாக் காரின் சஸ்பென்ஷனுக்கே வந்துவிட்டது. ஆனால் அதற்கு சென்சார் வேண்டும், கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்று வேண்டும், எப்போது கெட்டியாக வேண்டும் என்ற கணக்கு வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று: தணிப்பைக் கூட்டினால் ஒத்ததிர்வில் நல்லது, வேகமாக ஓடும்போதோ அதே தணிப்பு தரைக்கு அதிக அதிர்வைக் கடத்தும். எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாதவருக்கு எந்தப் பொருளும் உதவாது.

எளிய பொருளே போதும். 1911இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃப்ராம் காப்புரிமை பெற்ற அதிர்வு உறிஞ்சி வெறும் எடையும் ஸ்பிரிங்கும்தான். தைவானில் 508 மீட்டர் உயர தைபே 101 கட்டடத்துக்குள் அதன் ஆட்டத்தை அடக்க 660 டன் எஃகுக் கோளம் தொங்குகிறது. ஓசூர் போகும் வழியில் உயரழுத்த மின்கம்பிகளைக் கவனியுங்கள், கோபுரத்துக்குப் பக்கத்தில் இரண்டு முனையிலும் குண்டு வைத்த சிறு கம்பி தெரியும். காற்றில் கம்பி நடுங்காமல் இருக்க 1920களில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. இவை அனைத்தும் வேலை செய்வது அதிர்வை அளந்து அதற்கேற்பச் சுருதி சேர்த்ததால்.

அளப்பது என்றதும் இன்னொரு மனக்குறை. சில பட்டறைகளில் அதிர்வை அளக்க நல்ல ஆக்சிலரோமீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகம். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்ட விளைவு. அதைக் காந்தத்தில் ஒட்டி, தகர மூடியின் மேல் வைத்து அளக்கிறார்கள்! வருவது தகரத்தின் நடுக்கம். பேரிங் இருக்கும் கெட்டியான இடத்தில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வையுங்கள். கீழே போடாதீர்கள், சிமென்ட் தரையில் ஒருமுறை விழுந்தாலே படிகம் விரிசல் காணலாம். கைப்பேசிச் செயலியை நம்பி பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பேரிங் கோளாறின் தொடக்கம் நொடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்வுகளில் தெரியும். கைப்பேசிக்கு அது எட்டாது.

இனி, ரப்பர் வாங்கக் கடைக்குப் போகும் முன் இயந்திரத்தை நிறுத்துங்கள். ப்ளோயருக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரில் தூசு படிந்திருக்கிறதா பாருங்கள். நான்கு கால்களும் தரையில் படிகின்றனவா என்று ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், எழும்பும் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள். புல்லிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா? பேலன்ஸிங் செய்து எத்தனை ஆண்டு ஆகிறது? இதற்கெல்லாம் பிறகும் அதிர்ந்தால், வேகத்தையும் எடையையும் சொல்லி, எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் மவுண்ட் (காலுக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தாங்கி) வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் அந்தக் கடை வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அந்தப் பையன் திங்கட்கிழமையே மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறான்: "அண்ணே, தரை நேற்றைவிட அதிகமாக உதறுகிறது." நாள் முழுவதும் அதே இடத்தில் நிற்பவனின் உள்ளங்காலுக்கு மாற்றம் முதலில் தெரியும். அப்படி ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே சுவிட்சை அணையுங்கள். ஒரு மணி நேர உற்பத்தி போனால் போகட்டும்.

மறுநாள் இம்பெல்லரைக் கழற்றினோம். ஒரு பக்கமாக அப்பியிருந்த தூசைச் சுரண்டியதில் ஒரு சொம்பு நிறைந்தது. சமன் செய்து மாட்டி, ரப்பர் துண்டுகளை எடுத்துவிட்டு, கால்களைக் கான்கிரீட்டிலேயே நேராக இறுக்கினோம். ப்ளோயர் ஓடுகிறது. மாடியில் மேசை ஆடவில்லை.