இடுப்புக்குக் கீழேதானே அடித்தார்கள்?

போன வாரம் ஒரு தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கடைமடைக் கிராமம். ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதவில்லை. மகள் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஓ.பி. சீட்டு, இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள், இறப்புச் சான்றிதழ், திரை உடைந்த ஒரு செல்போன். இந்த வருடத்தில் என் வீட்டுக்கு வந்த மூன்றாவது பை அது. அரசு மருத்துவக் கல்லூரியில் தடய மருத்துவத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது உடல் என் மேசைக்கு வந்தது. இப்போது காகிதம்தான் வருகிறது, அதுவும் உடல் எரிந்து முடிந்த பிறகு.

நடந்தது இதுதான். குறுவை அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலைய வாசலில் பத்து நாளாகக் கொட்டிக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எடை போட மறுத்தார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். மதியம் தடியடி. அந்த மகளின் அண்ணனும் இன்னும் சிலரும் வேனில் ஏற்றப்பட்டு ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டார்கள். மாலை விட்டுவிட்டார்கள். பேருந்து ஏறி வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். ஐந்தாம் நாள் விடியற்காலை இறந்துபோனார். சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு, மாரடைப்பு என்று இருக்கிறது.

தங்கை என்னிடம் கேட்டது: "அண்ணன் நடந்துதான் ஐயா வந்துச்சு. தலையில ஒரு அடி இல்ல, ரத்தம் இல்ல. எல்லாம் இடுப்புக்குக் கீழதான். கிட்னியில ஒரு நாளும் கோளாறு கிடையாது. பின்ன எப்படிச் செத்துச்சு?"

அதே கேள்வியை வேறு தொனியில் ஒரு காவல் அதிகாரி சாட்சிக் கூண்டுக்கு வெளியே என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார். "டாக்டர், லத்தியால இடுப்புக்குக் கீழ அடிச்சா ஆள் சாவானா?"

சாவான் ஐயா. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

தலையில் அடிக்கக் கூடாது, கழுத்தில், முதுகெலும்பில், விலாவில், வயிற்றில் கூடாது, கை கால் தசைப்பகுதியில்தான் அடிக்கலாம் என்று காவலர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சரியான பாடம்தான். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் அடி விழும் இடத்தைப் பற்றியது. எத்தனை அடி என்பதை யாரும் எண்ணுவதில்லை. தொடையில் ஒரு அடி விழுந்தால் கன்றிப்போகும், ஒரு வாரம் நொண்டுவான், ஆறிவிடும். அதே தொடையிலும் பிட்டத்திலும் முப்பது, நாற்பது அடி விழுந்தால் அது கன்றல் அல்ல. தசை உயிரோடு நசுங்குகிறது. கட்டடம் இடிந்து இடிபாட்டில் கால் சிக்கியவனுக்கு என்ன ஆகுமோ அதே ஆகும். 1941இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் சிக்கி மீட்கப்பட்டவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில நாளில் சிறுநீர் நின்று இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொண்டது. அடி வாங்கியவர்களுக்கும் இதே கதி நேர்வதைக் காஷ்மீர் மருத்துவர்கள் 1990களிலேயே ஆய்விதழ்களில் எழுதிவிட்டார்கள். புதிய விஷயம் எதுவும் இல்லை.

நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. தசைக்குள் இருந்த பொட்டாசியமும் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது, அது இதயத்தை நிறுத்தும். சான்றிதழில் "மாரடைப்பு" என்று இருப்பது இந்தக் கடைசிப் படிதான். ராப்டோமயோலிசிஸ், அதாவது தசைச் சிதைவு என்ற இதை டாக்டர்கள் ராப்டோ என்று சுருக்கிச் சொல்வோம். இதற்கு இரண்டு நாளிலிருந்து ஐந்தாறு நாள் ஆகலாம். அதனால்தான் ஆள் நடந்து வருகிறார். நடந்து வந்ததை வைத்து அடி லேசானது என்று யாரும் முடிவு கட்டாதீர்கள். காவல்துறை அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எண்ணிக்கை பற்றி இன்னும் ஒன்று. விசாரணைகளில் காவலர்கள் சொல்லும் "நான் ரெண்டு தட்டுத்தான் தட்டினேன்" என்பது பல நேரம் உண்மைதான். பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு தட்டினால் வாங்கியவனுக்கு இருபது. வேனில் ஏறும்போது மறுபடி இரண்டு, இறங்கும்போது இரண்டு. அடித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அது சின்ன அடிதான். அந்த உடம்பு மட்டும்தான் மொத்தக் கூட்டலையும் போட்டுப் பார்க்கிறது.

"காயமே இல்லையே" என்பதையும் பேசிவிடுகிறேன். நம் ஊரில் ஊமைக்காயம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கறுத்த தோலில் கன்றல் எளிதில் தெரியாது. ஆழத்தில் கட்டிய ரத்தம் மேலே வந்து தோலில் நிறம் காட்ட ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். லத்தி போன்ற உருண்டைத் தடி பட்டால் தண்டவாளம் போல இரண்டு கோடு சிவந்து நடுவில் வெளுத்திருக்கும். பழகிய கண்ணுக்கு அது கையெழுத்து மாதிரி. தோலில் எதுவும் இல்லாவிட்டாலும் முதுகு, பிட்டம், தொடை, கெண்டைக்கால், உள்ளங்கால் எல்லாவற்றையும் கீறித் திறந்து தசையைப் பார்க்க வேண்டும். நெஞ்சையும் வயிற்றையும் தலையையும் மட்டும் திறந்துவிட்டுத் தைத்து அனுப்பும் பரிசோதனையில் இந்தச் சாவின் காரணம் கிடைக்காது. இளம் மருத்துவர்களே, உடலைக் குப்புறப் புரட்டிப் பாருங்கள். இதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் லத்தி, கண்ணீர்ப் புகை, ரப்பர் குண்டு இவற்றை உயிர் பறிக்காத ஆயுதங்கள் என்று சொன்னார்கள். இப்போது உயிர் பறிக்கும் வாய்ப்புக் குறைந்தவை என்றுதான் உலகம் சொல்கிறது. அந்தப் பெயர் மாற்றத்துக்குப் பிணங்கள்தான் காரணம். வட அயர்லாந்தில் 1970இலிருந்து ரப்பர் குண்டும் பிளாஸ்டிக் குண்டும் பட்டு 17 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. கண்ணீர்ப் புகைக் குப்பியே தலையில் பட்டால் மண்டை உடையும். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றி அழுத்தினால் மூச்சு நின்றுவிடும், 2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டுக்கு அப்படி நேர்ந்ததை உலகமே பார்த்தது. ஆயுதமே வேண்டாம், 2018 மார்ச்சில் திருவெறும்பூர் அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காத இருசக்கர வாகனத்தை ஓர் ஆய்வாளர் காலால் உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார்.

காகிதங்களுக்கு வருகிறேன். இரண்டாம் நாள் அவருக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. வீட்டில் மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கால் வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மூன்று வேளையும் போட்டிருக்கிறார். திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு வலி மாத்திரை இன்னொரு அடி. காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்தது, மண்டபத்தில் மாலை வரை சரியாகத் தண்ணீர் கிடைக்காதது எல்லாம் சேர்ந்துகொண்டது. நான்காம் நாள் வாந்தி, முகம் வீங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போனார்கள். ஓ.பி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "வாந்தி, வயிற்று வலி, நான்கு நாள்." அவ்வளவுதான். அடி என்ற சொல்லே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தாய் சொன்னார்: "கேஸ் ஆயிடும்னு பயம் ஐயா. மறியல் கேஸ்ல பேரைச் சேத்துடுவாங்கன்னு சொன்னாங்க."

இந்தப் பயம்தான் என்னை உலுக்குகிறது. அடி வாங்கினேன் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பார்கள். சாதாரணமாக இருநூறு அளவில் இருக்கும் அந்த எண் இப்படிப்பட்டவர்களுக்குப் பல ஆயிரத்தைத் தாண்டும். உடனே சலைன் ஏற்றியிருப்பார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ். விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும். இறந்திருந்தாலும் பிரேதப் பரிசோதனை நடந்திருக்கும். எதுவும் இல்லாமல், நோயில் இறந்தவராக வீட்டுக்குக் கொண்டுபோய் அன்று மாலையே எரித்துவிட்டார்கள். புதைத்திருந்தால் தோண்டி எடுத்துப் பார்க்கச் சட்டத்தில் வழி உண்டு. சாம்பலில் நான் எந்தத் தசையைப் பார்ப்பது?

அதனால் கேளுங்கள். தடியடியில் அடிபட்டவர் வீட்டில் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் யார், எப்போது, எதால், எங்கே அடித்தது என்று சொல்லுங்கள். சொன்னபடி எழுதியிருக்கிறதா என்று சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டு நகலின் (ஏ.ஆர். காப்பி) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனை "போலீஸ் கேஸ், வேண்டாம்" என்றால் அது அவர்கள் சோம்பல், சட்டம் அல்ல. சிறுநீர் கறுத்தாலோ குறைந்தாலோ நாட்டு மருந்து, ஒத்தடம், மருந்துக் கடை எதுவும் வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் தஞ்சாவூரோ திருவாரூரோ, அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உடம்பில் தெரியும் தடங்களைத் தினமும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். முதல் நாள் தெரியாதது மூன்றாம் நாள் தெரியும். அன்று உடுத்தியிருந்த வேட்டியைத் துவைக்காதீர்கள். மறியலை வீடியோ எடுத்த போனை விற்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் மட்டும் போதாது. மருத்துவமனை ஆவணங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி.

ஒருவேளை உயிர் போய்விட்டால், தயவுசெய்து அவசரப்பட்டு எரிக்காதீர்கள். "ஏற்கெனவே அடிபட்ட உடம்பு, அதையும் அறுக்கணுமா" என்று அழும் தாய்மார்களின் கையைப் பிடித்துக்கொண்டு பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேதனை எனக்குத் தெரியும் அம்மா. ஆனால் அவருக்காகப் பேச இனி அந்த உடம்பு மட்டும்தான் இருக்கிறது.

காவலில் இருக்கும்போது மரணம் நேர்ந்தால் காவல்துறையின் விசாரணை மட்டும் போதாது, நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ), 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 196ஆம் பிரிவு. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) வந்து கேட்டுவிட்டுப் போனார் என்பதோடு விடாதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த அதே ஆண்டு டிசம்பரில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இத்தகைய பிரேதப் பரிசோதனைகளுக்குத் தெளிவான நெறிமுறை வகுத்தது. பரிசோதனை தொடங்கும் முன் குடும்பத்தார் உடலை முன்புறமும் பின்புறமும் பார்க்கலாம், படம் எடுக்கலாம். முழுவதும் வீடியோ பதிவாக வேண்டும். அறிக்கை குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும். பார்க்க விடவில்லை என்றால் அங்கேயே எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் சண்டை போடாதீர்கள். வழக்குப் போடுவதென்றால் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. நாகை, திருவாரூர், மயிலாடுதுறைக்குச் சென்னை. இதில் குழம்பி நாள் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காவல்துறை நண்பர்களுக்கும் சொல்ல வேண்டும், என் மாணவர்களின் அப்பாக்கள் உங்களில் பலர். கலைந்து போகச் சொல்லி, கலையாவிட்டால்தான் பலப்பிரயோகம் என்று அதே புதிய சட்டத்தின் 148ஆம் பிரிவு சொல்கிறது. ஓடுகிறவன் கலைந்துவிட்டான். விழுந்தவன் கலைந்துவிட்டான். அதற்குப் பிறகு விழும் அடிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மண்டபத்தில் அடைத்ததைக் கைது என்று பதிவு செய்கிறீர்கள் அல்லவா, கைதானவரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று 53ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு மருத்துவரை மண்டபத்துக்கு வரவழையுங்கள். குடம் குடமாகத் தண்ணீர் வையுங்கள். அடிபட்டவரிடம் "சிறுநீர் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று ஒரு வரி சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வரிக்கு ஒரு உயிர் பிழைக்கும், உங்கள் வேலையும் பிழைக்கும். சக மருத்துவர்களே, காவலர் உடன் நிற்க, ஆளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தகுதிச் சான்று எழுதாதீர்கள். சாத்தான்குளத்தில் அந்த இருவரும் மருத்துவச் சான்றோடுதான் சிறைக்குப் போனார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. பொட்டாசியமும் கிரியாட்டினினும் எகிறியிருக்கின்றன, சிறுநீரின் நிறத்தைச் செவிலியர் ஒருவர் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார், அவருக்கு என் வணக்கம். போனில் பதினொரு நொடி வீடியோ இருக்கிறது. லத்தி அடியால் வந்த தசைச் சிதைவோடு இவை பொருந்துகின்றன என்று எழுதலாம். அதுதான் காரணம் என்று எழுத முடியாது.

கிளம்பும்போது தங்கை வாசற்படியில் நின்று கேட்டாள். "அன்னைக்கே நான் டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா அண்ணன் பொழைச்சிருக்குமா ஐயா?"

பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "காலைத் தூக்கிப் பார்த்து அவங்க கேட்டிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

சம்பவம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். என் கருத்தை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த மஞ்சள் பையில் வைத்து அனுப்பினேன்.