ஏர்வே டெம்பரேச்சர்: தமிழில் எப்படிச் சொல்வது?

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். காசிமேட்டு அம்மா ஒருவரை வெண்டிலேட்டரில் வைத்திருந்தோம். பார்வை நேரத்தில் உள்ளே வந்த மகன், கட்டிலுக்குப் பக்கத்துச் சின்னப் பெட்டியில் 39 என்று எரிவதைப் பார்த்து, "அது இன்னா சிஸ்டர்?" என்று கேட்டார். "டெம்பரேச்சர்ணா" என்றேன். அவருக்கு முகமே வெளுத்துவிட்டது. "அம்மாக்கு ஜொரம் வந்துடுச்சா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் பக்கம் 'டெம்பரேச்சர் இருக்கு' என்றால் காய்ச்சல் இருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் அந்த 39 அவர் அம்மாவின் உடம்புச் சூடு இல்லை. அம்மாவுக்குள் போகிற காற்றின் சூடு. அதற்கு எங்கள் வார்டில் புழங்கும் பெயர் 'ஏர்வே டெம்பரேச்சர்'.

டெம்பரேச்சர் என்பதற்கு வேர் லத்தீனில் 'டெம்பராரே'. சரியான அளவில் கலப்பது, மட்டுப்படுத்துவது என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் கலவை, உடல்வாகு என்றெல்லாம் வழங்கி, சூட்டின் அளவு என்ற பொருள் பிறகுதான் வந்தது. காய்ச்சல் என்கிற பேச்சுப் பொருள் அதற்கும் பிந்தியது. தமிழிலும் சூடும் நோயும் ஒட்டித்தான் கிடக்கின்றன. காய்தலிலிருந்து காய்ச்சல். சம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்ததாகச் சொல்லப்படும் பாண்டியனின் நோய்க்குப் பெயரே 'வெப்பு'. 'வெப்பநிலை' என்ற சொல் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. ஐஸ் தண்ணீருக்கும் வெப்பநிலை உண்டு. அதற்குக் காய்ச்சல் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஏர்வே என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பழந்தமிழில் ஒரு அழகான சொல் கிடைக்கிறது: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆனால் அது ஜன்னலுக்கு வைத்த பெயர். வெண்டிலேட்டர் கதையும் இதேதான். காற்றைக் குறிக்கும் 'வென்டஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, கட்டடத்துக்குக் காற்று விடும் அமைப்பைக் குறித்துவிட்டு, பிறகுதான் ஆஸ்பத்திரிக்குள் வந்தது. ராயபுரத்துப் பழைய வீடுகளில் கூரையை ஒட்டி இருக்கும் சின்னத் திறப்பைக் கொத்தனார்கள் இன்றும் வெண்டிலேட்டர் என்றுதான் சொல்கிறார்கள். காலதரை ஜன்னலுக்கே விட்டுவிடலாம். தொண்டைக்கும் மூச்சுக்குழலுக்கும் சேர்த்து 'மூச்சுவழி' போதும், கேட்டதும் புரிகிறது.

சரி, காற்றை ஏன் சூடாக்க வேண்டும்? சாதாரணமாக இந்த வேலையை மூக்கு பார்த்துக்கொள்கிறது. எண்ணூர் கடற்கரைக் காற்றோ ஏசி காற்றோ, நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது 37 டிகிரியாகி, ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 44 மில்லிகிராம் நீராவி ஏற்றிக்கொண்டிருக்கும். வெண்டிலேட்டருக்காக வாய் வழியே குழாய் போட்டதும் மூக்கு இந்தக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. சுவர்க்குழாயில் வரும் ஆக்சிஜன் குளிர்ந்தது, அதில் ஈரமே இல்லை. அப்படியே விட்டால் சளி காய்ந்து, கெட்டியாகி, குழாயையே அடைத்துவிடும்.

அதனால் இடையில் ஹியூமிடிஃபையரை வைக்கிறோம்: அடியில் சூடேறும் தட்டு, மேலே தண்ணீர்ச் சிமிழ். காற்று அந்தத் தண்ணீருக்கு மேலாகப் போய்ச் சூடும் ஈரமும் வாங்கிக்கொண்டு வரும். உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் நோயாளியின் வாய்க்குப் பக்கத்தில் கவட்டைக் குச்சி மாதிரி ஒன்றுசேரும். அந்தக் கவையை ஒட்டி, உள்ளே போகும் குழாயில் சூட்டை அளக்கும் ஒரு புரோப் செருகியிருக்கும். பெட்டியில் எரிகிற எண் அங்கிருந்துதான் வருகிறது. உள்ளபடி பார்த்தால் அது மூச்சுவழியின் சூடுகூட இல்லை, மூச்சுவழி வாசலில் நிற்கும் காற்றின் சூடு. அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் 2012 வழிகாட்டுதல் அந்த இடத்தில் 34 முதல் 41 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் போனால் மூச்சுவழி வெந்து புண்ணாகும் அபாயம் உண்டு.

புரோப் என்ற சொல்லுக்கு வேர், சோதித்துப் பார்ப்பது. தமிழில் 'உணரி' நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் உணரி தன்னைச் சுற்றி இருப்பதை மட்டுமே உணரும். ஒரு நைட் டியூட்டியில் குழாய் இழுபட்டு உணரி கழன்று மெத்தைமேல் கிடந்தது. எண் மளமளவென இறங்கியது. உணரி தொட்டுக்கொண்டிருந்தது ஏசி அறையின் காற்றை. பெட்டியோ நோயாளிக்குப் போகும் காற்று குளிர்ந்துவிட்டது என்று எண்ணித் தட்டை மேலும் மேலும் சூடாக்கப் பார்த்தது. அலாரம் அடித்ததும் ஓடிப்போய்ச் செருகினேன். பச்சைக் குழந்தைகள் வார்டில் இதற்கு நேர்மாறு. இன்குபேட்டரின் சூட்டை வாங்கி உணரி அதிகமாகக் காட்டும், தட்டு சூட்டைக் குறைத்துக்கொள்ளும், பிள்ளைக்குப் போகும் காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதனால் அங்கே உணரியை இன்குபேட்டருக்கு வெளியே வைப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். உணரிக்குச் சூடு மட்டுமே தெரியும், ஈரம் தெரியாது. சிமிழில் தண்ணீர் வற்றிப்போனாலும் எண் சரியாகவே காட்டக்கூடும். இந்த வேறுபாட்டுக்கு நம்மிடம் அன்றாடச் சொற்கள் இருக்கின்றன. வெயிலும் தார் ரோடும் முகத்தில் அடிக்கிற சூடு வெக்கை. கடற்காற்று உள்ளே வராத சித்திரை மதியத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்போது இருப்பது புழுக்கம். நெல்லைத் தண்ணீரில் அவித்தால் புழுங்கல் ஆகிறதே, அந்தப் புழுங்குதல்தான் இது. நுரையீரல் கேட்பது புழுக்கத்தை, வெக்கையை அல்ல. புதிதாக வரும் பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்கிறேன்: எண்ணைப் பார், அப்புறம் சிமிழைப் பார், வாயருகே இருக்கும் குழாயின் உட்புறத்தில் முத்து முத்தாக வேர்த்திருக்கிறதா என்றும் பார்.

கடைசியாக, மானிட்டர். 'மொனேரே' என்ற லத்தீன் வேருக்கு எச்சரிப்பது என்று பொருள். தமிழில் கண்காணிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஆள்களை மேய்த்த 'கங்காணி'யும் இந்தச் சொல்தான், அங்கிருந்து ஆங்கில அகராதிக்கும் போயிருக்கிறது. ஆக, குறிப்பேட்டில் எழுத 'மூச்சுக்காற்று வெப்பநிலைக் கண்காணிப்பு' என்பேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேச அவ்வளவு நீளம் வேண்டாம், 'காற்றுச் சூடு' போதும்.

அன்று அந்த அண்ணனிடம் அதையே சொன்னேன்: "அம்மா சூடு இல்லண்ணா, காத்து சூடு." அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்தது. அவர் போன பிறகு ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரியில் 'காற்றுச் சூடு' என்று எழுதி எண்ணுக்குக் கீழே ஒட்டினேன். பெட்டியைத் துடைக்கத் துடைக்க மை அழிந்துபோகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை புதிதாக எழுதி ஒட்டுகிறேன்.